நில்ஸ் போடாத கோல்கள்

ரஷீத் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே மூலையில் இருக்கிற டெப்பனர் அவருடையது. பாலும் பாணும் லொத்தர் சீட்டும் விற்கிற சின்னக் கடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். ரஷீத் அல்ஜீரியாக்காரர். உயரமான ஸ்டூல் ஒன்றில் இருப்பார். நான் போனால் "போன்ஜூர்" என்பார், வரும்போது "மெர்சி" என்பார். இத்தனை வருடங்களில் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் மூன்றாவது ஒன்று வந்ததில்லை.

ஈரப் பனி கொட்டிய ஒரு மாலை. கையில் பால் பையோடு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு நெட்டை மனிதர், தோளில் வலைப்பையில் பந்துகள். வாழைப்பழங்களை மேசையில் வைத்தார். ரஷீத் பழத்தைப் பார்க்கவில்லை. பழத்தை வைத்த கையைப் பார்த்தார். அதன் சின்ன விரல் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்புறமாக வளைந்திருந்தது.

ஸ்டூல் கிரீச்சிட்டது. ரஷீத் மேசையைச் சுற்றி வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். பிரெஞ்சில் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு உள்பக்கம் திரும்பி மனைவியை அரபியில் கூப்பிட்டார். அந்த அம்மா கையில் மாவோடு ஓடிவந்தார். கடையில் நின்ற ஆறு பேரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தோம்.

படம் எடுக்க ஆள் வேண்டும். ரஷீத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

பால் பையைத் தரையில் வைத்துவிட்டுப் படம் எடுத்தேன். இடமிருந்து வலம்: ரஷீத், நெட்டை மனிதர், ரஷீத்தின் மனைவி. நல்ல படம். இன்றும் லொத்தர் இயந்திரத்துக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. எடுத்தவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நெட்டை மனிதர் திரும்பி என்னைப் பார்த்து, "ஓ, மிஸ்டர் குணா!" என்றார்.

"உங்களுக்கு இவரைத் தெரியுமா?" என்று ரஷீத் என்னிடம் கேட்டார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அன்றைக்குப் பிறகு எனக்கும் அந்தக் கடையில் ஒரு மரியாதை இருந்தது. இன்னொருவரைத் தெரிந்த ஆள் என்ற மரியாதை. அது எனக்கு மிகவும் கசந்தது.

இந்த வாரப் பத்தியில் பொறாமையைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி வதனி, "ஒரு கிழமை காணுமோ உங்களுக்கு?" என்று கேட்டாள்.

பிசின்

எட்டு வருடம் உணவக அடுக்களைகளில் நின்றதை முன்பே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு கிடைத்தது ஒரு விளையாட்டு மண்டபத்தில் பராமரிப்பு வேலை. சாவிக் கொத்து, தரை துடைக்கும் இயந்திரம், துப்புரவுச் சாமான்கள் வைக்கும் சின்ன அறை. அந்த அறைக்குள் ஒரு கதிரை போடலாம். எனக்குக் கிடைத்த முதல் தனி அலுவலகம் அது.

அந்த நெட்டை மனிதரை, நில்ஸை, அங்கேதான் முதலில் அறிந்தேன். ஆனால் நான் அறிந்த நில்ஸ், என் தரையில் பிசின் ஒட்டவைக்கிற ஒரு சுவீடன்காரர், அவ்வளவுதான். அவருடைய மனைவிக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. அதனால் இந்த ஊருக்கு வந்தார். மாலைகளில் பெண்பிள்ளைகளுக்கு ஹாண்ட்போல் பழக்கினார்.

ஹாண்ட்போல் தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கத்தில் ஏழு பேர். காற்பந்தில் உதைத்துப் போடுகிற கோலை இதில் கையால் எறிந்து போடவேண்டும். பந்து விரலை விட்டு நழுவாமல் இருக்க ஆட்டக்காரர்கள் பிசின் பூசுவார்கள். பந்தில் பூசுகிற பிசின் பந்தோடு நிற்காது. தரைக்கு வரும். கதவுப் பிடிக்கு, தண்ணீர்க் குழாய்க்கு, மின் ஆளிக்கு வரும். ஒருமுறை கூரை விளக்கிலும் கண்டேன். எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது.

வாரத்தில் வியாழக்கிழமை மட்டும் பிசின் பாவிக்கலாம் என்று நில்ஸ் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியிருந்தார். பயிற்சி முடிந்ததும் அந்த இரண்டு மீற்றர் மனிதர் முழங்காலில் நின்று, பிளாஸ்டிக் தகட்டால் என்னோடு சேர்ந்து தரையைச் சுரண்டுவார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. தலைக்கனம் பிடித்தவராக இருந்திருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

கையிலுள்ள பிசினைப் போக்க அவர் ஒரு காரமான திரவத்தைத் தேய்ப்பார். தோல் சிவந்துபோகும். எங்கள் ஆட்களுக்கு இதற்கு மருந்து தெரியும். பலாப்பழம் வெட்டுகிற எவரும் கையில் தேங்காய் எண்ணெய் பூசாமல் கத்தியைத் தொடமாட்டார்கள். என்னுடைய சின்ன அறையில் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் இருந்தது. தரையில் போட்டால் வழுக்கும். கைக்கும் கதவுப் பிடிக்கும் அதைப்போல ஒன்றில்லை. வியாழக்கிழமைகளில் அறைக் கதவைச் சாத்திவிட்டு என் கைகளைத் துடைத்துக்கொள்வேன்.

ஒரு குளிர்காலம் முழுவதும் அவருடைய கைகள் சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

எமது விளையாட்டு நிருபர்

பொறாமைக்கு ஒரு முன்கதை உண்டு. கொஞ்சம் சுற்றிப்போய் வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். விளையாட்டுப் பக்கம் என் கையில் இருந்தது. கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடக்கிற நாட்களில் முடிவுகள் சைக்கிளில் வரும். கொப்பியிலிருந்து கிழித்த தாள், வியர்வையில் மை கரைந்திருக்கும். அதே ஆட்டத்தைப் பார்த்த நாலு பேர் கூடவே வந்து நாலு கதை சொல்லுவார்கள். வென்றவன் ஊர்க்காரனுக்கு ஒரு ஆட்டம், தோற்றவன் ஊர்க்காரனுக்கு வேறு ஆட்டம்.

அதனால் எங்கள் மேசையில் ஒரு விதி வைத்திருந்தோம். மத்தியஸ்தர் கையெழுத்திட்ட புள்ளித்தாள் வேண்டும். அதை உறுதிப்படுத்த ஆட்டம் பார்த்த இன்னொருவர் வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு வரியும் அச்சுக்குப் போகாது. ஆறு வருடத்தில் என் பக்கத்தில் திருத்தம் போட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு ஆட்டக்காரரின் பெயரில் முதலெழுத்து.

செய்தியின் தலையில் என் பெயர் வந்ததில்லை. "எமது விளையாட்டு நிருபர்" என்று வரும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க்கடையில் ஒருவர் என் செய்தியைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். "என்னமா எழுதியிருக்கிறான்" என்பார்கள். அந்த 'றான்' நான்தான் என்று சொல்லாமல் அவர்களோடு இருந்து தேநீர் குடித்திருக்கிறேன். அந்த வயதில் அது போதுமாக இருந்தது.

மொன்ட்ரியாலுக்கு வந்து பல வருடம் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருவர் அந்தக் காலத்து விளையாட்டுச் செய்தித் தலைப்பு ஒன்றை மனப்பாடமாகச் சொன்னார். என்னுடைய தலைப்பு. ஆசை அடக்க முடியாமல், "அது நான் போட்டது" என்றேன்.

அவர் தட்டிலிருந்து தலை நிமிர்த்தாமல், "சும்மா கதை விடாதேங்கோ அண்ணை" என்றார்.

நில்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ரஷீத்தின் கடையில் நடந்தது ஒரு தடவையோடு நின்றுவிடவில்லை. மண்டபத்துக்கு மாவுக் கட்டு போட்ட காலோடு ஒரு துனிசிய டாக்சிக்காரர் வந்தார், கையெழுத்து வாங்க. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எகிப்தியர் ஒருவர் தகப்பனையும் கூட்டிவந்தார். இந்த ஊர்க்காரர்களுக்கு நில்ஸ் யாரென்று தெரியாது. அவர்களுக்கு ஹொக்கி போதும். சுவீடன் அணிக்கு ஹாண்ட்போல் ஆடிச் சம்பாதித்த புகழ் வட ஆபிரிக்காவைச் சுற்றி, அங்கிருந்து அகதியாகவும் மாணவனாகவும் டாக்சிக்காரனாகவும் இந்த ஊருக்கு வந்து அவருக்காகக் காத்திருந்தது.

நானும்தான் குடிபெயர்ந்து வந்தேன். என் பங்குக்கு ஒன்றும் கூட வரவில்லை.

ஏறாத மெத்ரோ

இவ்வளவும் இருந்தாலும் நான் சமாளித்திருப்பேன். என் மகள் அபி அந்த அணியில் இல்லாமல் இருந்திருந்தால்.

அபிக்கு அப்போது பதினைந்து வயது. அகன்ற தோள், நீண்ட கை. நில்ஸ் வருவதற்கு முந்திய வருடம் அவள் எறிந்த பந்துகள் வலையைக் கிழித்தன. நான் மண்டபத்தின் மேல்படியில் துடைப்பத்தோடு நின்று எண்ணுவேன். வீட்டுக்கு வரும்போது பேருந்தில், "எத்தனை அப்பா?" என்று கேட்பாள். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொல்லிக் கேட்கவேண்டும்.

நில்ஸ் வந்த இரண்டாவது மாதம் அவளுடைய இடத்தை மாற்றினார். எதிரணியிடம் பந்து இருக்கும்வரை அபி உள்ளே. எங்கள் அணிக்குப் பந்து கிடைத்த அந்த நொடியில் அவள் வெளியே பிள்ளைகள் இருக்கிற வாங்குக்கு ஓடவேண்டும். அவளுக்குப் பதிலாக இன்னொரு பிள்ளை கோல் போட உள்ளே ஓடும். பந்து கைமாறினால் மறுபடியும் இவள் உள்ளே. இந்த ஆட்டத்தில் அப்படி எத்தனை தடவையும் மாற்றலாம்.

பதிலாக ஓடுகிற பிள்ளை தவத்தின் மகள். தவம் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஊரிலும் அடுத்த ஒழுங்கை. மேல்படியில் எனக்குப் பக்கத்தில் இருந்து கச்சான் கொறிப்பார்.

"குணா அண்ணை, உங்கட பிள்ளை ஓடுற ஓட்டத்தைப் பாத்தா மெத்ரோவைப் பிடிக்கப் போற மாதிரி இருக்கு" என்றார் ஒருநாள். "ஆனா ஒருநாளும் ஏறேல்லை."

"கோச் சொல்லுறார், ஓடுறாள்."

"ஓம் ஓம். ஆரோ ஒராள் வெளியில இருக்கத்தானே வேணும்." கச்சான் பையை என் பக்கம் நீட்டினார். நான் எடுக்கவில்லை.

பேருந்தில் அபி, "எத்தனை?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். எண்ணுவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பதிலாக "நில்ஸ் சொன்னவர்" என்று தொடங்குவாள். எப்படி நிற்கவேண்டும் என்று நில்ஸ் சொன்னவர். எதிரியின் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்று நில்ஸ் சொன்னவர். எத்தனை மணிக்குப் படுக்கவேண்டும் என்றுகூட. நான் பத்து வருடமாகச் சொன்ன அதே மணிதான் அது.

"சக்களத்தி வந்த மாதிரி மூஞ்சியை வைச்சுக்கொண்டு திரியாதேங்கோ" என்றாள் வதனி. "பிள்ளைக்கு நல்லது சொல்ல இன்னொராள் கிடைச்சிருக்கு. சந்தோசப்படுங்கோவன்."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"அதைத்தான் நானும் சொல்லுறன். நீங்கள் ஒண்டும் சொல்லாமல் இருக்கிற சத்தம் தாங்கேலாமல் கிடக்கு."

இரண்டு பிரதிகள்

பனி உருகத் தொடங்கிய நாட்களில் அபி ஒரு படிவத்தோடு வந்தாள். மொன்ட்ரியால்-நோர் பக்கத்தில் ஒரு பாடசாலை. காலையில் படிப்பு, பின்னேரம் விளையாட்டு. ஹாண்ட்போலுக்கு எடுக்கிற பிள்ளைகளில் அபியின் பெயர் இருந்தது. நில்ஸ்தான் சிபாரிசு செய்திருந்தார். அடுத்த பருவத்திலிருந்து அங்கே பழக்கப்போகிறவரும் நில்ஸ்தான். தகப்பன் அல்லது தாய் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். பிந்தினால் இடம் அடுத்த பிள்ளைக்கு.

இப்படியான தாள்களில் எங்கள் வீட்டில் நான்தான் கையெழுத்து வைப்பது. வதனி, "நீங்கள் பாருங்கோ" என்று விட்டுவிட்டாள். நான் படிவத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேலே, நாட்காட்டிக்குக் கீழே வைத்தேன்.

தூரம் அதிகம் என்று சொன்னேன். மெத்ரோவும் பேருந்துமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல், குளிர்காலத்தில் இன்னும் கூட. எல்லாம் உண்மை. உண்மையான காரணம் அது இல்லை. இப்போது கிழமையில் இரண்டு பின்னேரம் அவரோடு இருக்கிற பிள்ளை, கையெழுத்திட்டால் ஐந்து நாளும் அவரோடு. மேல்படியும் துடைப்பமும் எனக்கு மிஞ்சும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. நூலகத்துக்குப் போனேன். கணினியில் பழைய சுவீடன் பத்திரிகைகளைத் தேடினேன். மொழிபெயர்க்கும் கருவி ஒன்று அரைகுறையாக உதவியது. புள்ளிப்பட்டியலுக்கு மொழி தேவையில்லை. இடப்பக்கம் ஒரு அணி, வலப்பக்கம் மற்ற அணி, பெயர், அதற்கு எதிரே கோல் எண்ணிக்கை. எந்த நாட்டிலும் அது ஒரே மாதிரித்தான் இருக்கும்.

ஒரு பெரிய சர்வதேசத் தொடரின் பட்டியல்கள் வரிசையாகக் கிடைத்தன. முதல் ஆட்டம், நில்ஸ், பூச்சியம். இரண்டாவது, பூச்சியம். அரையிறுதி, பூச்சியம். இறுதியாட்டம் அவருடைய அணி வென்றது. நில்ஸின் பெயருக்கு எதிரே பூச்சியம்.

பசி எடுத்தது. அன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வாங்கில் இருந்த மனிதர். வெற்றிபெற்ற அணியோடு படத்தில் நின்றதால் புகழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கதவுப் பிடியில் பிசின் ஒட்டுவதுபோல. தான் இருந்த அதே வாங்கில் என் மகளையும் கொண்டுபோய் இருத்தியிருக்கிறார். இறுதியாட்டத்தின் பட்டியலை இரண்டு பிரதி அச்செடுத்தேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வெளியே காட்டுவதற்கு.

புதன் காலை, பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்த அபியின் முன்னால் தாளை வைத்தேன்.

"உங்கட நில்ஸ். இறுதியாட்டம். எத்தனை கோல் எண்டு பாரும்."

அபி பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்கோ அப்பா நேற்று லைப்ரரிக்குப் போனனீங்கள்?"

"ஒரு கோலும் இல்லை. ஒரு ஆட்டத்திலயும் இல்லை. அவர் உம்மையும் தன்னை மாதிரி ஆக்கப்பாக்கிறார்."

தாளை நாலாக மடித்துப் பாடசாலைப் பையில் வைத்தாள். சப்பாத்து நாடாவைக் கட்டும்போது குனிந்தபடியே, "கையெழுத்து?" என்று கேட்டாள்.

"யோசிப்பம்."

"வெள்ளிக்கிழமை, அப்பா."

கதவை அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். பாதி ஜாம் பூசின பாண் தட்டில் கிடந்தது.

"இப்ப வயிறு குளிர்ந்திட்டுதோ?" என்றாள் வதனி.

வலப்பக்கம்

குளிரவில்லை. அதனால் இரண்டாவது பிரதியை எடுத்துக்கொண்டு ரஷீத்தின் கடைக்குப் போனேன்.

பால் வாங்குவதாகப் பாவனை செய்யவில்லை. நேரே மேசையில் தாளை விரித்தேன். மேலே சட்டத்துக்குள் நான் எடுத்த படத்தில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள் வீரர்" என்றேன், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில். "இறுதியாட்டத்தில் எத்தனை கோல் போட்டார் என்று பாருங்கள்."

ரஷீத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இடப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அது பரிகாசச் சிரிப்பு இல்லை. நல்ல பகிடியைக் கேட்ட மனிதன் சிரிக்கிற சிரிப்பு.

"கோலா? நில்ஸா? அவர் வாழ்க்கையில் கோல் போட்டு யாரும் பார்த்ததில்லை. போட்டிருந்தால் நான் அவரை எப்போதோ மறந்திருப்பேன்."

"அப்படியென்றால்?"

"மிஸ்டர், நீங்கள் ஒரு பக்கம்தான் வாசித்திருக்கிறீர்கள்." விரலைத் தாளின் வலப்பக்கத்துக்கு நகர்த்தினார். எதிரணியின் பெயர்கள். ஒரு பெயரில் நிறுத்தினார். "இவர் யார் தெரியுமா? அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரும் இவரைப் போலத் தலைமயிர் வெட்டிக்கொண்டு திரிந்தோம். எந்த அணியாக இருந்தாலும் அடித்துத் தள்ளுவார். இந்த ஆட்டத்தில் எத்தனை?"

ஒன்று.

"யார் அவர் முன்னால் நின்றது?"

என் கண் தாளின் இடப்பக்கத்துக்குத் திரும்பியது.

"எங்களோடு ஆடியபோதும் அப்படித்தான். ஓரானில் என் மாமாவின் வீட்டில் இருபது பேர் தொலைக்காட்சிக்கு முன்னால். எங்கள் பையன் எறியக் கையைத் தூக்குவான், அந்த நெட்டையன் வந்து நிற்பான். பந்து சுவீடனுக்குப் போனதும் வாங்குக்கு ஓடுவான். திரும்பவும் வருவான். என் மாமா செருப்பைக் கழற்றித் தொலைக்காட்சிக்கு எறிந்தார். அவனை வெளியே வைத்திருங்கள், அவனை வெளியே வைத்திருங்கள் என்று கத்தினார்." ரஷீத் தன் சின்ன விரலை வெளிப்புறமாக வளைத்துக் காட்டினார். "அது எங்கள் பையன் எறிந்த பந்தில் உடைந்தது. உடைந்த விரலோடு ஆட்டம் முடியும்வரை ஓடினான்."

ஆறு வருடம் புள்ளித்தாள்களோடு வாழ்ந்தவன் நான். ஒரு பட்டியலின் பாதியை வாசித்துவிட்டு எழுந்து வந்திருந்தேன். ஆட்டம் பார்த்த இன்னொருவரிடம் கேட்கவேண்டும் என்ற விதியை நாங்கள்தான் எழுதினோம். அந்த இன்னொருவர் என் வீட்டுக்குக் கீழேயே ஸ்டூல் போட்டு இருந்தார்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. வாங்கிலிருந்து ஓடி வருவதும் திரும்ப ஓடுவதும் எப்படி இருக்கும் என்று நான் மாதக்கணக்கில் மேல்படியில் நின்று பார்த்திருக்கிறேன். தவத்தின் மகள் போட்ட கோல்களை எண்ணினேன். அபி உள்ளே நின்ற நேரத்தில் எதிரணி எத்தனை போட்டது என்று ஒருநாளும் எண்ணவில்லை.

ரஷீத் தாளைத் திருப்பித் தந்தார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். அன்று அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை

மறுநாள் மண்டபத்துக்குப் போகும்போது படிவம் என் மேலங்கிப் பையில் இருந்தது. கையெழுத்து இன்னும் வைக்கவில்லை. அபி முதல்நாள் இரவுச் சாப்பாட்டின்போது என்னிடம் உப்பைக் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

பயிற்சி முடிகிற நேரத்தில் தரை துடைக்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வாசலுக்குப் பக்கத்தில் அணிகளுக்கான அறிவிப்புப் பலகை. அதன் நடுவில் என் தாள். நாலாக மடித்த மடிப்புகள் தெரிந்தன.

நில்ஸின் பெயருக்கு எதிரேயிருந்த பூச்சியத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். தாளின் கீழ்ப்பக்க வெறுமையில் பிரெஞ்சில் பெரிதாக எழுதியிருந்தது: பூச்சியக் கழகம். அதற்குக் கீழே உறுப்பினர் பட்டியல். நில்ஸ், பூச்சியம். அபி, பூச்சியம். தற்காத்து ஆடுகிற இன்னும் இரண்டு பிள்ளைகளின் பெயர்கள், பூச்சியம், பூச்சியம். அபியின் கையெழுத்து. அவளுக்கு அ எழுதப் பழக்கியது நான். பிரெஞ்சு எழுத்தாக இருந்தாலும் அந்தக் கை எனக்குத் தெரியும்.

முதுகுப்பக்கம் நில்ஸ் வந்து நின்றதை நிழலில் தெரிந்துகொண்டேன்.

"இதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள் என்று அபி சொன்னாள்" என்றார் ஆங்கிலத்தில்.

என்ன நோக்கத்தோடு என்று அவள் சொன்னாளா என்பது எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை.

"என் அம்மா ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் போன் பண்ணுவார்" என்றார். "எத்தனை கோல் என்று கேட்பார். நான் பூச்சியம் என்பேன். கவலைப்படாதே, அடுத்த முறை போடுவாய் என்பார். கடைசி ஆட்டம்வரை அப்படித்தான்."

அவர் அதைச் சொன்ன அழகிலும் எனக்குப் பொறாமை வந்தது. நான் இப்போதும் பத்திரிகையில் பக்கம் போடுகிறவனாக இருந்திருந்தால் அதைத்தான் தலைப்பாக எடுத்திருப்பேன்.

அவர் முழங்காலில் நின்று தரையைச் சுரண்டத் தொடங்கினார். நானும் சுரண்டினேன். முடிந்ததும் அந்தக் காரமான திரவத்தை எடுத்தார். வெடித்த தோலில் பட்டதும் முகம் சுருங்கியது.

"வேண்டாம்" என்றேன். "பொறுங்கள்."

சின்ன அறைக்குப் போய்ப் போத்தலை எடுத்துவந்தேன். குளிரில் எண்ணெய் உறைந்திருந்தது. விரலால் வழித்து அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். தேய்க்கச் சொன்னேன். பிசின் திரண்டு உருண்டு வந்தது. நில்ஸ் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எவ்வளவு காலமாக உங்களிடம் இருக்கிறது?"

"கொஞ்சக் காலமாக" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அது.

படிவத்தைப் பலகைக்குப் பக்கத்துச் சுவரில் வைத்துக் கையெழுத்திட்டேன். என் கையைத் துடைக்க மறந்திருந்தேன். கடுதாசி பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. மெதுவாக உரித்தபோது கையெழுத்துக்குப் பக்கத்தில் மண்ணிறத்தில் ஒரு விரலடையாளம் விழுந்தது. அதற்குப் பிறகுதான் என் கைகளுக்கும் எண்ணெய் பூசினேன்.

அபி உடைமாற்றிக்கொண்டு வந்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஐயோ அப்பா, இதென்ன ஊத்தை?"

"பிசின். போகாது."

"தெரியும்." சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டைப் பார்க்காத மாதிரி நின்றேன். "நான் இதைப் பிள்ளையளோட போய் ஒஃபிஸில குடுத்திட்டு வாறன். பேந்து பஸ் ஸ்டொப்பில சந்திப்பம்."

வதனிக்கு வீட்டில் சொன்னபோது, "அப்ப இனிப் பொறாமை இல்லையோ?" என்று கேட்டாள். இருக்கிறது. அபி இப்போது கிழமையில் ஐந்து நாள் அங்கே போய்வருகிறாள். இன்னமும் "நில்ஸ் சொன்னவர்" என்றுதான் தொடங்குகிறாள். ரஷீத் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கூப்பிட்டுவிட்டு நில்ஸ் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார்.

ஆனால் அந்த வியாழக்கிழமையில் இன்னொன்று நடந்தது. பிள்ளைகளோடு வாசல்வரை போன அபி, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளியபடி திரும்பிப் பார்த்து ஒரு கையை உயர்த்தினாள். நில்ஸும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். இரண்டு பேருடைய கைகளும் எண்ணெயில் மினுங்கின. இரண்டு பேரும் கையை உயர்த்தினோம்.

அவள் எனக்குத்தான் கை காட்டினாள் என்று எழுதுகிறேன். உறுதிப்படுத்த யாரிடமும் கேட்கவில்லை.